வேகமான மென்பொருள் எது?

ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுள்ள இரண்டு அணிகளைப் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த முறைப்படி போனால் நூறு கோடி பெருக்கல்களும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் கூட்டல்களும் தேவைப்படும். பைத்தான் மொழியில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப் எழுதி இதைச் செய்தால் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே பைத்தானில் நம்பை லைப்ரரியை அழைத்து ஒரே வரியில் பெருக்கச் சொன்னால், இன்றைய சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் விடை வந்துவிடும். மொழி ஒன்று, கணினி ஒன்று, கணக்கும் ஒன்று. வேகத்தில் மட்டும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 'பைத்தான் எவ்வளவு வேகம்?' என்று யாராவது கேட்டால் இந்த இரண்டில் எதைப் பதிலாகச் சொல்வது?

கணித வேலைக்கு மேட்லாப் உரிமம் வாங்குவதா, இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேவும் சைலாபும் போதுமா, ஜூலியாவுக்கு மாறிவிடலாமா என்று ஒரு கல்லூரித் துறையோ ஆய்வுக்கூடமோ யோசிக்கும்போது இந்தக் கேள்வி எழுந்தே தீரும். யாராவது ஒருவர் பத்து வரியில் ஒரு சோதனை எழுதி, ஒவ்வொரு மென்பொருளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து, அட்டவணை போட்டுக் கொடுப்பார். பெஞ்ச்மார்க் என்று அதற்குப் பெயர். அந்த அட்டவணையை வைத்துப் பணம் செலவாகிறது, பாடத்திட்டம் மாறுகிறது, மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்பது முடிவாகிறது. அதில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. எதையோ ஒன்றைச் சரியாகத்தான் அளந்திருக்கின்றன. தலைப்பில் பெயர் போட்டிருக்கும் அந்த மென்பொருளைத்தான் அளந்தனவா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அணிப் பெருக்கலையே இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். பிராசசர் கணக்கிடும் வேகத்துக்கு நினைவகத்தால் எண்களைக் கொண்டுவந்து கொடுக்க முடிவதில்லை. மூன்று லூப் எழுதும் முறையில், ஒரு எண்ணைக் கொண்டுவந்து ஒரு முறை பயன்படுத்திவிட்டு, பிறகு அதே எண்ணுக்காக மறுபடி நினைவகத்துக்குப் போக நேர்கிறது. குழம்பு கொதிக்கும்போது ஒவ்வொரு மிளகாய்க்கும் தனித்தனியாகக் கடைக்குப் போய்வருவது போன்ற வேலை அது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மூன்று அணிகளிலும் சேர்த்து 30 லட்சம் எண்கள்தான், செய்ய வேண்டிய செயல்களோ 200 கோடி. அதாவது ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்கணக்கான முறை பயன்படப்போகிறது. அணியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்தைப் பிராசசருக்கு அருகில் உள்ள கேஷ் நினைவகத்துக்குக் கொண்டுவந்ததும், அதை வைத்துச் செய்யக்கூடிய பெருக்கல்களை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த கட்டத்தைத் தொட்டால் வேகம் பல மடங்கு கூடும். கட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பது பிராசசருக்குப் பிராசசர் மாறும்.

இந்த வேலையைக் கலையாகவே வளர்த்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கசுஷிகே கோட்டோ. ஒவ்வொரு பிராசசருக்கும் ஏற்றபடி மையப் பகுதியை அசெம்ப்ளி மொழியில் கையாலேயே எழுதினார். ராபர்ட் வான் டி கெய்னுடன் சேர்ந்து 2008-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வேகமான அணிப் பெருக்கலின் உள்கட்டமைப்பைத் திறந்து காட்டியது. அடிப்படை அணிக் கணக்குகளுக்கான இப்படிப்பட்ட லைப்ரரிகளுக்குப் பிளாஸ் என்று பொதுப் பெயர். கோட்டோவின் கோட்டோபிளாஸ் லைப்ரரியிலிருந்து 2011-இல் கிளைத்ததுதான் இன்று உலகெங்கும் பயன்படும் ஓபன்பிளாஸ். இன்டெல் நிறுவனம் தன் பங்குக்கு எம்.கே.எல். என்ற லைப்ரரியைத் தருகிறது. மேட்லாபுக்குள் நெடுங்காலமாக வேலை செய்வது எம்.கே.எல். ஜூலியாவோடு வருவது ஓபன்பிளாஸ். நம்பையைப் பிப் வழியாக நிறுவினால் ஓபன்பிளாஸ் கிடைக்கும். அனகோண்டா வழியாக நிறுவினால் வழக்கமாக எம்.கே.எல். ஆர் மொழியின் மூல வடிவத்தில் இருப்பது, வேகத்துக்காகச் செதுக்கப்படாத எளிய மாதிரி பிளாஸ்.

எனவே 'அணிப் பெருக்கலில் மேட்லாப் ஜூலியாவை முந்தியது' என்ற வரியைப் படிக்கும்போது, உண்மையில் எம்.கே.எல். ஓபன்பிளாஸை முந்தியது என்றுதான் வாசிக்க வேண்டும். ஜூலியாவில் எம்.கே.எல்.லைப் பொருத்திக்கொள்ள ஒரு வரி போதும். அன்றைக்கே அந்த அட்டவணை செல்லாமல் போய்விடும். 'ஆர் மெதுவானது' என்று முடிவுகட்டிய எத்தனையோ ஒப்பீடுகளில் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: பிளாஸை மாற்றிப் பார்ப்பது.

எம்.கே.எல். விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த லைப்ரரி தொடங்கும்போது பிராசசர் யாருடைய தயாரிப்பு என்று பார்க்கும். இன்டெல் அல்லாத பிராசசர் என்றால், அதனிடம் அதே வேகக் கட்டளைகள் இருந்தாலும், பழைய மெதுவான பாதையில் போகும். ஏ.எம்.டி. பிராசசர் வைத்திருந்தவர்கள், ஒரு சூழல் மாறியை அமைத்தால் வேகப் பாதையைக் கட்டாயப்படுத்த முடியும் என்று கண்டுகொண்டார்கள். 2019 வாக்கில் இந்தச் செய்தி பரவலாகத் தெரியவந்தது. அந்த மாறி இல்லாமல் எடுத்த எண்கள் ஏ.எம்.டி. பிராசசரின் திறனையும் காட்டவில்லை, மேட்லாபின் திறனையும் காட்டவில்லை. 2020-இல் வந்த எம்.கே.எல். பதிப்பிலிருந்து அந்த மாறியும் வேலை செய்யாமல் போயிற்று. ஒரே கணினியில், ஒரே மென்பொருளில், பதிப்பு எண் ஒன்று மாறியதால் அட்டவணை மாறும் என்றால், பதிப்பும் பிராசசரும் லைப்ரரியும் குறிப்பிடாத வேக அட்டவணையை எதற்காக நம்ப வேண்டும்?

அளவும் அப்படித்தான். ஆயிரத்துக்கு ஆயிரம் அணியில் நம்பை பறக்கிறது. மூன்றுக்கு மூன்று அணியைக் கொடுங்கள். பெருக்கல்கள் மொத்தமே 27. அவற்றைச் செய்ய ஆகும் நேரத்தைவிட, பைத்தானிலிருந்து லைப்ரரியை அழைத்து, அணியின் வகையையும் அளவையும் சரிபார்த்துத் திரும்பிவர ஆகும் நேரம் பல மடங்கு அதிகம். ரோபோவின் கை அசைவைக் கணிக்கும் நிரல் இப்படிப்பட்ட குட்டி அணிகளைத்தான் லட்சக்கணக்கில் பெருக்குகிறது. அங்கே சி மொழியில் எழுதிய சாதாரண லூப் நம்பையை எளிதாகத் தோற்கடிக்கும். பெரிய அணியை மட்டும் சோதித்த அட்டவணை அந்த ரோபோப் பொறியாளரைத் தவறான வழியில் அனுப்பிவிடும்.

சிறு சோதனை ஒன்று தன் எல்லையைத் தாண்டி வளர்ந்த கதைக்கு லின்பேக்கைவிடப் பெரிய சான்று இல்லை. ஜாக் டொங்கரா, ஜேம்ஸ் பன்ச், கிளீவ் மோலர், ஸ்டூவர்ட் ஆகிய நால்வரும் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் லின்பேக் என்ற ஃபோர்ட்ரான் லைப்ரரிக்கு 1979-இல் கையேடு எழுதினார்கள். மேட்லாபை முதன்முதலில் எழுதியவரும் இதே மோலர்தான். அந்தக் கையேட்டின் பின்னிணைப்பில், 100 சமன்பாடுகள் கொண்ட ஒரு தொகுதியைத் தீர்க்க 23 வகைக் கணினிகள் எடுத்துக்கொண்ட நேரம் அட்டவணையாக இருந்தது. 'உங்கள் கணக்குக்கு உங்கள் கணினியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்' என்பதுதான் அதன் நோக்கம். எளிய, நேர்மையான உதவி. அந்த 100-க்கு 100 அணி பிடிக்கும் இடம் 80 கிலோபைட். இன்றைய பிராசசரின் கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், அன்று நினைவகத்தையும் சேர்த்துச் சோதித்த அதே கணக்கு இன்று நினைவகத்தைத் தொடுவதே இல்லை. சோதனையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது அளக்கும் பொருள் மட்டும் மாறிவிட்டது.

பின்னர் அதன் பெரிய வடிவம் 1993 முதல் உலகின் 500 முன்னணி சூப்பர் கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலுக்கு அடிப்படையானது. வேகத்தை எண்ணும் விதிகளைக் கறாராக வகுத்திருக்கிறார்கள்: எத்தனை செயல்கள் நடந்தன என்பதைச் சூத்திரம் தீர்மானிக்கும், ஸ்ட்ராசன் முறை போல் செயல்களின் எண்ணிக்கையையே குறைக்கும் தந்திரங்களுக்கு அனுமதி இல்லை. அவ்வளவு கவனமாக இருந்தும் அடிப்படைக் குறை ஒன்று நீடித்தது. லின்பேக் சோதிப்பது அடர்ந்த அணிகளை; அவற்றைக் கையாளும்போது கேஷை நன்றாகப் பயன்படுத்த முடியும். வானிலைக் கணிப்பு, கட்டடங்களின் அழுத்தக் கணக்கு போன்றவற்றில் வரும் அணிகளில் பெரும்பாலான இடங்கள் பூஜ்யம். அங்கே நினைவகத்தின் வேகம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. டொங்கராவே மைக்கேல் ஹெரோவுடன் சேர்ந்து எச்.பி.சி.ஜி. என்ற மாற்றுச் சோதனையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள ஃபிரான்டியர் 2022-இல் லின்பேக் சோதனையில் 1,102 பெட்டாஃபிளாப் வேகம் காட்டி முதலிடம் பிடித்தது. ஜப்பானின் ஃபுகாகு காட்டியது 442. எச்.பி.சி.ஜி. சோதனையிலோ ஃபுகாகு 16 பெட்டாஃபிளாப், ஃபிரான்டியர் 14. வரிசை தலைகீழாகிவிட்டது. இரண்டு இயந்திரங்களும் தங்கள் லின்பேக் வேகத்தில் நாலு சதவீதத்தைக்கூட இங்கே எட்டவில்லை. தானே வளர்த்த அளவுகோல் போதவில்லை என்று அறிந்து, அதற்கு மாற்றும் தானே எழுதிய டொங்கராவின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சோதனை சிறியதாக இருந்தால் அதற்கென்றே தயார் செய்துகொள்வதும் எளிது. கணினி நிறுவனங்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்றொரு சோதனை இருந்தது. அது தன் நேரத்தில் 99 சதவீதத்தை ஒரே ஒரு வரியில் செலவிட்டது. கம்பைலர் எழுதுபவர்கள் அந்த ஒரு வரியின் அணிப் பெருக்கலைக் கட்டங்களாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டதும், அதே இயந்திரத்தில் அந்தச் சோதனையின் வேகம் மட்டும் பல மடங்கு எகிறியது. மற்ற நிரல்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 1992-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டார்கள். தனியாக ஒருவர் எழுதும் சோதனைகளில் இதைவிட மோசமான ஒன்று நடப்பதுண்டு: லூப்புக்குள் ஏதோ கணக்கிட்டு, அந்த விடையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள். விடை யாருக்கும் தேவையில்லை என்று கண்டுகொள்ளும் கம்பைலர் லூப் முழுவதையும் நீக்கிவிடும். காலியான நிரலின் வேகம் அட்டவணையில் ஏறும்.

ஃபிபனாச்சி எண்ணைத் தன்னையே அழைக்கும் முறையில் கணக்கிடும் சோதனையும் மொழிகளை ஒப்பிட அடிக்கடி பயன்படுகிறது. 20-ஆம் ஃபிபனாச்சி எண் 6,765. அதைப் பெற அந்த முறையில் சார்பு மொத்தம் 21,891 முறை அழைக்கப்படுகிறது. இருபது கூட்டல்களில் முடியும் வேலை. இதில் அளக்கப்படுவது சார்பு அழைப்புக்கு ஆகும் செலவு ஒன்றே. அதை அறிய விரும்பினால் மிகப் பொருத்தமான சோதனை. ஜூலியாவை உருவாக்கியவர்கள் தங்கள் சிறு சோதனைகளில் அதைச் சேர்த்தபோது, எல்லா மொழிகளிலும் ஒரே வழிமுறையை எழுதி ஒப்பிடுவதே நோக்கம் என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்த விளக்கத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 'கணித வேலைக்கு இந்த மொழி இத்தனை மடங்கு மெதுவானது' என்று பேசுவதுதான் தவறு.

எண்களைவிட்டுக் குறியீட்டு இயற்கணிதத்துக்குப் போனால் சிக்கல் இன்னும் சுவையானது. பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஃபேட்மன் 2003-இல் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலின் வேகத்தைப் பல மென்பொருள்களில் ஒப்பிட்டார். மூன்று மாறிகளையும் ஒன்று என்ற எண்ணையும் கூட்டி, அதை 20-ஆம் அடுக்குக்கு விரிக்க வேண்டும். 1,771 உறுப்புகள் கொண்ட கோவை கிடைக்கும். அதோடு ஒன்றைக் கூட்டி இன்னொரு கோவை. இரண்டையும் பெருக்கினால் விடையில் 12,341 உறுப்புகள். எதற்காக அந்த ஒன்றைக் கூட்டினார்? ஒரே கோவையைத் தன்னோடு பெருக்கச் சொன்னால், அது வர்க்கம் என்று கண்டுகொண்டு சில மென்பொருள்கள் குறுக்குவழியில் போய்விடும். அதைத் தடுக்கத்தான். ஒரு சோதனையை எவ்வளவு யோசித்து அமைக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒற்றை 'கூட்டல் ஒன்று' நல்ல பாடம்.

அவ்வளவு யோசித்த சோதனையிலும் ஒளிந்திருப்பவை உண்டு. தொடக்கக் கோவையிலேயே மிகப் பெரிய கெழு 1,173 கோடி. 32 பிட்டில் அடங்காது. விடையில் மிகப் பெரிய கெழு 22 இலக்க எண்; 64 பிட்டிலும் அடங்காது. ஆகவே பெரிய முழு எண்களைக் கையாளும் லைப்ரரி எப்படிப்பட்டது என்பதும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. அடுத்து, 20-ஆம் படி வரை வரக்கூடிய எல்லா உறுப்புகளும் அந்தக் கோவையில் இருக்கின்றன. கொஞ்சமும் இடைவெளி இல்லாத அடர்த்தி. அப்படிப்பட்ட கோவையை ஒரே பிரம்மாண்டமான முழு எண்ணாக மாற்றி, அந்த எண்களைப் பெருக்கி, விடையைப் பிரித்துப் படிக்கும் தந்திரம் ஒன்று இருக்கிறது. குரோனெக்கர் பதிலீடு என்று பெயர். இந்தச் சோதனைக்கு அது அற்புதமாகப் பொருந்தும்.

சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மொனகனும் ரோமன் பியர்ஸும் பயன்படுத்திய இன்னொரு சோதனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து மாறிகள், பெருக்கவேண்டிய கோவைகள் ஒவ்வொன்றிலும் 6,188 உறுப்புகள், விடையில் 58 லட்சத்துக்கு மேல். ஃபேட்மன் சோதனையில் ஏறக்குறைய 31 லட்சம் உறுப்புப் பெருக்கங்கள் நடந்து, சராசரியாக 254 பெருக்கங்கள் ஒரே உறுப்பாகச் சேர்ந்துகொள்கின்றன. இந்தச் சோதனையில் சேர்வது ஆறேழு மட்டும். முன்னதில் கூட்டுவதுதான் பெரிய வேலை. பின்னதில் எந்த உறுப்பு எங்கே போய்ச் சேரும் என்று வரிசைப்படுத்துவதுதான் பெரிய வேலை. இரண்டுக்குமே 'பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல்' என்றுதான் பெயர். ஒன்றில் வெல்லும் வழிமுறை மற்றதில் தடுமாறுவதில் வியப்பே இல்லை.

நேரம் எடுக்கும் முறையிலும் இந்தத் துறைக்கே உரிய பொறி இருக்கிறது. எண் கணக்கீட்டில் ஒரு சோதனையைப் பல முறை ஓட்டி, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். பைத்தானின் டைம்இட் கருவிக்கான விளக்கமும் அதையே பரிந்துரைக்கிறது: கூடுதலாக ஆகும் நேரம் பெரும்பாலும் கணினியில் ஓடும் மற்ற வேலைகளின் குறுக்கீட்டால் வருவது. ஜூலியா போல் முதல் ஓட்டத்தில் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மொழிகளில், முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதும் தெரிந்ததே. இந்த நல்ல பழக்கத்தை அப்படியே இயற்கணித மென்பொருளுக்குக் கொண்டுபோனால் விடை கெட்டுவிடும். மேப்பிள் முந்தைய விடைகளை நினைவு அட்டவணையில் வைத்துக்கொள்ளும். சிம்பையிலும் அப்படி ஒரு சேமிப்பு உண்டு. மேத்தமெடிக்காவில் அந்தச் சேமிப்பைத் துடைப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. உயர்துல்லியக் கணக்குகளுக்கான எம்.பி.எஃப்.ஆர். லைப்ரரி, பையின் மதிப்பை ஒருமுறை கணக்கிட்டதும் எடுத்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை கேட்கும்போது கணக்கே நடப்பதில்லை. குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பவர் அங்கே குறித்துக்கொள்வது, பழைய விடையைத் தேடி எடுக்க ஆன நேரம்.

இவை எல்லாம் கவனமாகப் பார்த்தால் பிடிபடுபவை. கவனித்தாலும் எளிதில் பிடிபடாதவை உண்டு. டாட் மிட்கோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு என்னை இன்றும் கலங்க வைக்கிறது. நிரலோடு எந்தத் தொடர்பும் இல்லாத சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே அதன் வேகம் மாறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நினைவகத்தில் நிரலின் தரவு சில பைட் தள்ளி அமர்வதே காரணம். கோப்புகளை எந்த வரிசையில் இணைக்கிறோம் என்பதற்கும் அதே விளைவு. இந்த மாற்றங்கள், ஒரு கம்பைலர் உத்தி நன்மை தருகிறதா தீமை செய்கிறதா என்ற முடிவையே புரட்டிப்போடும் அளவுக்கு இருந்தன. அவர்கள் ஆராய்ந்த 133 ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றுகூட இதைப் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மேட்லாபின் பெஞ்ச் கட்டளைக்கான விளக்கக் குறிப்பே, ஒரே கணினியில் மறுபடி ஓட்டினால் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை நேரம் மாறுவது அரிதல்ல என்றும், வெவ்வேறு மேட்லாப் பதிப்புகளை ஒப்பிட அது ஏற்றதல்ல என்றும் சொல்கிறது. மூன்று சதவீத வித்தியாசத்துக்கு வெற்றி தோல்வி அறிவிப்பவர்கள் அந்தக் குறிப்பை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

இதன் உச்சத்தை முழு எண் உகப்பாக்கத்தில் பார்க்கலாம். விமானப் பணியாளர் அட்டவணை, லாரிகளின் பாதை, மின் நிலையங்களை எப்போது இயக்குவது என்பவை எல்லாம் இந்த வகைக் கணக்குகள். மாறிகளையும் நிபந்தனைகளையும் எழுதும் வரிசையை மட்டும் மாற்றிக் கொடுங்கள். கணித நோக்கில் கணக்கு துளியும் மாறவில்லை. ஆனால் அதே மென்பொருள், அதே கணினியில், சில சமயம் பல மடங்கு கூடுதலாகவோ குறைவாகவோ நேரம் எடுக்கும். தேடல் மரத்தில் சமநிலை ஏற்படும் இடங்களில் எந்தக் கிளையை முதலில் பிடிப்பது என்பது வரிசையைப் பொறுத்திருப்பதால் வரும் வினை அது. ஒரே ஒரு கணக்கை வைத்து இரண்டு மென்பொருள்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை என்பதை இந்தத் துறை பட்டறிந்துகொண்டது. 1992-இல் தொடங்கிய மிப்லிப் என்ற சோதனைக் கணக்குத் தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒப்பீட்டுக்காகவே தேர்ந்தெடுத்த கணக்குகள் மட்டும் 240.

பல கணக்குகள் வந்தால் சராசரி என்ற கேள்வி வரும். முதல் கணக்கில் ஒரு மென்பொருள் பத்து மடங்கு வேகம், இரண்டாவதில் மற்றது பத்து மடங்கு வேகம் என்று கொள்வோம். விகிதங்கள் 10, 0.1. கூட்டிப் பாதியாக்கினால் 5.05. எதை அடிப்படையாக வைத்தாலும் மற்றது ஐந்து மடங்கு மெதுவானதாகத் தெரியும்! பிலிப் ஃபிளெமிங்கும் ஜான் வாலஸும் 1986-இல் இதைச் சுட்டிக்காட்டி, விகிதங்களுக்குப் பெருக்குச் சராசரியே பொருந்தும் என்றார்கள். அதில் விடை 1 என்று வரும்.

இதுவரை சொன்னதெல்லாம், எல்லா மென்பொருள்களும் சரியான விடையைத் தருகின்றன என்று எடுத்துக்கொண்டு சொன்னது. அதுவே பெரிய அனுமானம். 1967-இல் ஜேம்ஸ் லாங்லி, அமெரிக்க வேலைவாய்ப்பு பற்றிய 16 ஆண்டுகளின் தரவை எடுத்து, மீச்சிறு வர்க்க முறையில் கையாலேயே கணக்கிட்டு, அன்றைய கணினி நிரல்களின் விடைகளோடு ஒப்பிட்டார். நிரலுக்கு நிரல் விடை மாறியது. முதல் இலக்கமே ஒத்துப்போகாத இடங்களும் இருந்தன.

வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மீச்சிறு வர்க்கக் கணக்கைத் தீர்க்க ஒரு வழி இயல்நிலைச் சமன்பாடுகளை அமைப்பது. இன்னொரு வழி, அணியைச் செங்குத்துக் காரணிகளாகப் பிரிப்பது. தரவு நீளமாக இருக்கும்போது முதல் வழிக்கு இரண்டாவதில் பாதி வேலைதான். வேகத்தை மட்டும் பார்க்கும் அட்டவணையில் அதுவே வெல்லும். ஆனால் அந்த வழி, கணக்கின் நுண்ணுணர்வை அளக்கும் நிலைமை எண்ணை வர்க்கப்படுத்திவிடுகிறது. நிலைமை எண் பத்துக் கோடி என்றால், அதன் வர்க்கம் ஒன்றுக்குப் பின்னால் 16 பூஜ்யம். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு இருப்பதே ஏறத்தாழ 16 இலக்கங்கள். ஒரு இலக்கம்கூட நம்பும்படி மிஞ்சாது. திரையில் மட்டும் பதினைந்து இலக்கங்களோடு கம்பீரமாக ஒரு விடை வந்து நிற்கும். ஒரு மாணவர் அதை எடுத்து ஆய்வேட்டில் எழுதிக்கொள்வார். இதை நினைத்துத்தான் வேக அட்டவணைகளின் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், சரியான விடை பல இலக்கங்களுக்கு உறுதியாகத் தெரிந்த தரவுத் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. லாங்லியின் தரவும் அதில் உண்டு. ஃபிலிப் என்ற தொகுப்பு 82 புள்ளிகளுக்குப் பத்தாம் படிக் கோவையைப் பொருத்தச் சொல்கிறது. ஆர் மொழியின் வழக்கமான கட்டளையிடம் அதைக் கொடுத்தால், இயல்புநிலைத் துல்லிய வரம்பின்படி ஒரு கெழுவைத் தராமல் காலியாக விட்டுவிடும். வரம்பைத் தளர்த்தினால்தான் முழு விடை வரும். மௌனமாகத் தவறான எண்ணைத் தருவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் நேரத்தை மட்டும் குறிப்பவருக்கு, காலியாக விட்டதும் தவறாகச் சொன்னதும் சரியாகச் சொன்னதும் மூன்று வெவ்வேறு மில்லிவினாடிகள், அவ்வளவுதான்.

ஆர்கான் ஆய்வகத்தில் எலிசபெத் டோலனும் ஹோர்ஹே மொரேயும் 2002-இல் முன்வைத்த வரைபடம், விடை கிடைக்காமல் போவதற்கும் இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு கணக்கிலும் மிக வேகமாக முடித்த மென்பொருளின் நேரத்தை ஒன்று என்று கொண்டு, மற்றவை அதைப்போல் எத்தனை மடங்கு எடுத்தன என்று குறிப்பார்கள். தீர்க்க முடியாமல் போனால் அந்த மடங்கு முடிவிலி. பிறகு ஒவ்வொரு மென்பொருளுக்கும், இத்தனை மடங்குக்குள் எத்தனை பங்கு கணக்குகளை முடித்தது என்று காட்டும் ஒரு கோடு. கோட்டின் இடது முனை, எத்தனை பங்கு கணக்குகளில் அது முதலில் வந்தது என்று சொல்கிறது. வலது முனை, எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எத்தனை பங்கு கணக்குகளை அது தீர்க்கும் என்று சொல்கிறது. இடதில் மேலே இருக்கும் கோடு வலதுக்கு வரும்போது இன்னொரு கோட்டுக்குக் கீழே போய்விடுவது உண்டு. உகப்பாக்க மென்பொருள் பற்றிய ஆய்வுகளில் இந்த வரைபடம் இப்போது வழக்கமாகிவிட்டது. கல்லூரிகள் மென்பொருள் வாங்கும்போது போடும் ஒப்பீட்டுத் தாளிலும், நேரத்துக்கு ஒரு பத்தி இருப்பதுபோல், நிஸ்ட் தரவில் எத்தனை இலக்கங்கள் சரியாக வந்தன என்பதற்கும் ஒரு பத்தி சேர்க்கலாம். தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.